மேட்டுக்கொல்லையும் கழனியும்: குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் ஊர்கள் உருவான விதம்

கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலை குள்ளஞ்சாவடியைத் தாண்டியதும் இரண்டு நிலங்களுக்கு நடுவே ஓடத் தொடங்குகிறது. வலக்கைப் பக்கம் நிலம் மெல்ல ஏறும். செம்மண், முந்திரி, பலா, இடையிடையே சவுக்கும் பனையும். இடக்கைப் பக்கம் நிலம் இறங்கும். நெல்லும் கரும்பும், அவற்றுக்கு அப்பால் பெருமாள் ஏரி. குறிஞ்சிப்பாடியும் வடலூரும் இந்த இரண்டு நிலங்களும் சந்திக்கும் விளிம்பில் உட்கார்ந்திருக்கின்றன. இன்னும் மேற்கே போனால் நெய்வேலி. ஏறும் நிலத்தை இங்குள்ளவர்கள் மேட்டுக்கொல்லை என்பார்கள், காடு என்றும் சொல்வார்கள். இறங்கும் நிலம் கழனி.

மேடு என்றதும் மலையை நினைக்க வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடும் சரிவு இது. ஆனாலும் இந்தச் சிறிய ஏற்றம்தான் யார் எங்கே குடியிருப்பது, எதைப் பயிரிடுவது, யார் வீட்டுக்குள் வெள்ளம் வருவது என்பதையெல்லாம் பல நூறு ஆண்டுகளாகத் தீர்மானித்து வந்திருக்கிறது. மேடு வறண்டது, ஆளில்லாதது, எடுத்துக்கொண்டால் பெரிய நட்டமில்லை என்ற எண்ணம் வருவாய்த்துறைக் கணக்குகளிலும் தொழில் திட்டங்களிலும் ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணம் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைப் பார்க்காமல் எடுத்த முடிவுகளின் விளைவைத்தான் இன்று இந்த வட்டாரம் அனுபவிக்கிறது.

முதலில் நிலத்தின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். இந்தச் செம்மேட்டுக்கு நிலவியலில் கடலூர் மணற்கல் என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காடு, திருச்சி பகுதிகளின் பாறைகளை வரைபடமாக்கிய பிளான்போர்டு காலத்திலிருந்து இந்தப் பெயர் வழங்குகிறது. இது ஒரு ஊரோடு முடியும் பாறை அன்று. வடக்கே விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரை, புதுச்சேரியை ஒட்டிய செம்மேடு, பண்ருட்டி, கடலூருக்கு மேற்கே மத்தியச் சிறை இருக்கும் கேப்பர் மலை, பிறகு நெய்வேலி, காவிரிக்குத் தெற்கே தஞ்சையை அடுத்த வல்லம் மேடு எனத் துண்டு துண்டாகத் தலைகாட்டும் ஒரே வரிசை. திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் பெருமரங்கள் இந்தப் பாறைக்குள் இருந்து வந்தவைதான். நெய்வேலியில் அதே வரிசையின் அடியில், சதுப்புக் காடு ஒன்று புதைந்து பழுப்பு நிலக்கரியாக மாறிக் கிடக்கிறது. அதன் வயதை மியோசீன் காலம் என்று நெடுநாள் எழுதி வந்தார்கள். மகரந்தத் துகள் ஆய்வுகள் அதை இன்னும் பின்னே, இயோசீன் காலத்துக்குத் தள்ளுகின்றன. எப்படியும் பல கோடி ஆண்டு.

மேலே சிவந்த மணலும் களிமண்ணும் மணற்கல்லும் 50 முதல் 100 மீட்டர் வரை. அதன் கீழே நிலக்கரிப் படுகை, சில இடங்களில் 20 மீட்டரைத் தாண்டும் கனம். அதற்கும் கீழே, பெரும்பாலோர் கண்ணில் படாத முக்கியமான விஷயம்: அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும் நீர் மணல். நிலக்கரியின் அடிப்பாகத்தை இந்த நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரையிலான விசையோடு மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது.

அந்த நீர் எங்கிருந்து வந்தது என்பதில்தான் மேட்டின் சூட்சுமம் இருக்கிறது. கடலூர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 1,200 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது, அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில். இராமநாதபுரத்தோடு ஒப்பிட்டால் இது தாராளமான மழை. இத்தனை மழை விழுந்தும் மேட்டில் குளம் நிற்பதில்லை, கிணறு ஆழமில்லாமல் தண்ணீர் தருவதில்லை. காரணம், மணல் பாங்கான செம்மண் விழுந்ததைக் குடித்துவிடுகிறது. குடித்த நீர் தென்கிழக்காகச் சரியும் மணற்படுகைகளில் இறங்கி, களிமண் மூடிக்குக் கீழே நுழைந்து, மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் வருவதுபோல அழுத்தம் பெறுகிறது. பள்ளத்தில் துளை போட்டால் மோட்டார் இல்லாமலே நீர் பொங்கி வழிந்த காலம் உண்டு. ஆக, மேடு வறண்டிருப்பதும் பள்ளம் செழித்திருப்பதும் ஒரே நிகழ்வின் இரண்டு முனைகள். மேடுதான் பள்ளத்தின் நீர்த்தேக்கம்.

இதை இந்தியாவின் வேறொரு வறண்ட மேட்டோடு வைத்துப் பார்ப்பது பயன்தரும். மகாராஷ்டிரத்தின் மராத்வாடா, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக ஓடி உறைந்த தக்காண மேட்டின்மேல் இருக்கிறது. அங்கே மழையும் குறைவு, மேற்கு மலைத் தொடரின் மழை மறைவில் இருப்பதால். பாறையும் இறுகியது, வெடிப்புகளில் மட்டுமே கொஞ்சம் நீர் தங்கும். அங்கு வறட்சி என்றால் மேலும் கீழும் வறட்சிதான். குறிஞ்சிப்பாடி மேட்டின் வறட்சி தோல் அளவுக்கு மட்டுமே. இரண்டுக்கும் ‘வறண்ட மேட்டு நிலம்’ என்ற ஒரே முத்திரையைக் குத்தும் நிர்வாக மொழி இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

பழங்காலத்தில் இந்த விளிம்பில் மனிதர்கள் இல்லாமல் இல்லை. வடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையே உள்ள மருங்கூரில் தமிழகத் தொல்லியல் துறை 2024-இல் அகழாய்வு செய்தது. தாழி புதைத்த மக்களின் இடமும் அவர்கள் வாழ்ந்த மேடும் அருகருகே கிடைத்திருக்கின்றன, தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடும் கிடைத்திருக்கிறது. கடலூர் சிப்காட் பக்கத்தில் காரைக்காடு, கடல் வணிகத்தோடு தொடர்புடைய பழைய இடம். கடற்கரைத் துறைக்கும் உள்நாட்டுக்கும் இடையே இந்தச் செம்மேட்டின் ஓரமாக மக்கள் நடமாட்டம் இருந்திருக்கிறது என்று இதிலிருந்து கொள்ளலாம். நடமாட்டம் வேறு, நிலைத்த பெருங்குடி வேறு. கோயிலும் பிரமதேயமும் ஏரியும் கொண்ட பெரிய ஊர்கள் பள்ளத்தில்தான் வளர்ந்தன. குறிஞ்சிப்பாடிக்குக் கிழக்கே தீர்த்தனகிரி என இன்று வழங்கும் திருத்தினைநகர் சுந்தரர் பாடிய தலம். இறைவன் ஏர் பிடித்து உழுது ஒரே நாளில் தினையை விளைவித்தார் என்பது அதன் தலபுராணம். நெல் விளையும் கழனியோரத்துக் கோயில் தினையை நினைவில் வைத்திருப்பது எனக்கு எப்போதும் சுவாரஸ்யமாகப் படும். மேட்டுப் பயிரின் நினைவு பள்ளத்துக் கோயிலில் தங்கிவிட்டது போலும்.

பள்ளத்தின் ஒழுங்கு பெரும்பாலும் ஏரிகளின் ஒழுங்கு. தெற்கே பத்தாம் நூற்றாண்டுச் சோழர் வெட்டிய வீராணம், அதற்கு வடக்கே வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி. மேட்டின் தென்சரிவில் இறங்கும் ஓடைகளை வாங்கிக்கொண்டு கிழக்கே ஓடும் பரவனாறு, பெருமாள் ஏரியைத் தொட்டு, கடலூர் முதுநகருக்கு அருகே உப்பங்கழியோடு சேர்கிறது. ஆற்றைவிட வாய்க்கால் என்று சொல்லத்தக்க சிறிய ஓட்டம். ஆனால் இந்த வட்டாரத்தின் வழக்குகளில் காவிரியைவிட அதிகமாக அடிபடும் பெயர் அதுதான்.

மேட்டில் என்ன நடந்தது? கம்பு, வரகு, கேழ்வரகு, பிறகு மல்லாட்டை என்கிற நிலக்கடலை. போர்ச்சுகீசியர் இந்தியக் கரைக்குக் கொண்டுவந்த முந்திரி இந்த மண்ணைப் பிடித்துக்கொண்டது, மண்ணும் அதைப் பிடித்துக்கொண்டது. நீர் ஊற்றத் தேவையில்லை, ஆடு மேயாது, வெயில் காயக் காயக் காய்க்கும். பலாவும் அப்படியே. முந்திரிக்கொல்லைக்காரர்களின் வாழ்க்கை கழனிக்காரர்களின் வாழ்க்கையிலிருந்து வேறாக வளர்ந்தது. வீடுகள் கொல்லைக்குள் சிதறி இருக்கும், குப்பம் என்றும் கொல்லை என்றும் முடியும் பெயர்களோடு. வருமானம் ஆண்டுக்கு ஒரு பருவம். கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்கள் ஓட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்துக் கிடக்கும். இந்த வாழ்வை எழுத்தில் கொண்டுவந்தவர்கள் நடுநாட்டு எழுத்தாளர்கள். பத்திரக்கோட்டைக்காரரான தங்கர் பச்சானும், விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லையின் கண்மணி குணசேகரனும் இல்லையென்றால் தஞ்சைக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட இந்த நிலம் தமிழ் வாசகர்களுக்கு ரயில் ஜன்னலில் ஓடி மறையும் காட்சியாகவே நின்றிருக்கும். கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொல்லகராதியே தொகுத்தார். மேட்டு நிலம் ஆளற்ற நிலம் என்று வாதிடுகிறவர்கள் அதை ஒருமுறை புரட்டுவது நல்லது. ஆளில்லாத இடத்துக்கு இத்தனை சொற்கள் தேவைப்பட்டிருக்காது.

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது இந்த மரங்கள் ஒரே இரவில் சாய்ந்தன. முந்திரிக்கு மறுநட்டு ஐந்தாறு ஆண்டில் பலன் பார்க்கலாம். தாத்தா வைத்த பலாவுக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. புயலுக்குப் பின் கொல்லையை விற்றுவிட்டு ஊர்விட்டுப் போனவர்களும் உண்டு.

குறிஞ்சிப்பாடி ஊரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அது நெசவாளர் ஊர், கைலி நெசவுக்குப் பேர்போனது. விளைநிலத்தை நம்பாத ஒரு தொழில் மேடும் பள்ளமும் சேரும் விளிம்பில் அமர்ந்ததற்குச் சாலையும் சந்தையும் காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். கடலூர்–விருத்தாசலம் ரயில் பாதையும் அதே விளிம்பைப் பற்றிக்கொண்டு போகிறது. மேட்டு முந்திரியும் பள்ளத்து நெல்லும் கைமாறும் இடம் என்ற அளவில் ஊர் பிழைத்தது. இன்றும் வட்டத் தலைநகர் என்ற தகுதியைத் தாண்டி அது பெரிதாக வளரவில்லை. அருகில் இரண்டு காந்தங்கள் இருந்தன. ஒன்று வடலூர், மற்றது நெய்வேலி.

வடலூரின் கதை மேட்டில் திட்டத்தோடு குடியேறிய முதல் கதை. சென்னை–கும்பகோணம் சாலையும் கடலூர்–விருத்தாசலம் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம். மருதூரில் 1823-இல் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, பிறகு பக்கத்துக் கருங்குழியில் தங்கியிருந்த வள்ளலார் இராமலிங்க அடிகள், 1867 மே 23 அன்று இங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டு சென்னை மாகாணத்தின் பல பகுதிகள் பஞ்சத்தில் தவித்திருந்தன. அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் எரிந்து வருகிறது. பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலத்தை, இன்றைய கணக்கில் சுமார் 106 ஏக்கரை, எழுதிக் கொடுத்தார்கள். 1872 தைப்பூசத்தில் சத்திய ஞானசபை. தெற்கே இறங்கும் மேட்டுக்குப்பத்தில் சித்திவளாகம். அங்கே நீரோடை ஒன்றும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது.

வள்ளலார் தில்லைக்குப் பக்கத்திலோ கழனி நடுவிலோ சபை வைக்காமல் இந்தப் பொட்டல் மேட்டைத் தேர்ந்ததை ஆன்மிகக் காரணங்களால் விளக்குவது வழக்கம். நிலவியல் காரணமும் இருக்கிறது. பள்ளத்தில் ஒவ்வொரு குழி நிலத்துக்கும் உரிமைக்காரர், மிராசு, கோயில் மானியம், சாதி வாரியான தெரு. யாரும் வந்து உட்காரக்கூடிய பெருவெளி பள்ளத்தில் கிடைக்காது. மேட்டில்தான் கிடைக்கும். சாதி பார்க்காமல் சோறு போட நினைத்தவருக்கு, சாதி இன்னும் முழுதாகப் பங்கு பிரித்துக்கொள்ளாத மண் வேண்டியிருந்தது. 2024-இல் அந்தப் பெருவெளியில் சுமார் 100 கோடி ரூபாயில் வள்ளலார் சர்வதேச மையம் கட்ட அரசு முனைந்தபோது நிலம் கொடுத்தவர்களின் வழிவந்தோரும் பிறரும் எதிர்த்தார்கள், விவகாரம் உயர்நீதிமன்றம் போனது. கட்டடம் நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். வெளியாக இருக்கட்டும் என்று கொடுத்த நிலத்தை ‘காலி இடம்’ என்று படிக்கும் அதிகாரப் பழக்கத்தைத்தான் நான் இங்கே குறிக்கிறேன்.

இனி நெய்வேலி. 1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. தண்ணீர் தேடிய இடத்தில் கரி கிடைத்தது என்று இதைச் சொல்வார்கள். நிலவியலை அறிந்தால் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும் என்பது விளங்கும். 1940-களில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை துளைகள் போட்டு அளந்தது. 1950-களின் தொடக்கத்தில் சோதனைக் குழி வெட்டி, அடிநீரைக் கட்டுப்படுத்த முடியுமா என்று பார்த்தார்கள். முடியும் என்று தெரிந்த பிறகே, 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். நான்கு ஆண்டு தோண்டி 1961 ஆகஸ்டில் கரியைத் தொட்டார்கள். 1962-இல் சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. தோண்டுகிற சக்கர வாளி இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. பனிப்போர்க் காலத்தில் மேற்கு ஜெர்மன் இயந்திரமும் ரஷ்ய டர்பைனும் ஒரே செம்மண்ணில் வேலை செய்தது நெய்வேலிக்கே உரிய விநோதம். கரியை அழுத்திச் செய்த லெக்கோ கட்டிகள் ஒரு காலத்தில் தமிழ்நாட்டு டீக்கடைகளின் அடுப்புக்குள் போயின. யூரியாவும் இங்கே தயாரானது. அந்த ஆலைகள் பின்னால் மூடப்பட்டன, முதல் அனல்மின் நிலையமும் 2020-இல் ஓய்வு பெற்றது. சுரங்கம் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. ஒன்று, ஒன்று-ஏ, இரண்டு என மூன்று சுரங்கங்களின் கொள்திறன் ஆண்டுக்கு 2.85 கோடி டன்.

குடியமைப்பு என்ற கோணத்தில் பார்த்தால் நெய்வேலி நகரியம் தமிழ்நாட்டின் மிக நேர்த்தியான சோதனைகளில் ஒன்று. நிழல் மரச் சாலைகள், எண் போட்ட வட்டங்கள், வட்டத்துக்குள்ளேயே பள்ளி, விளையாட்டுத் திடல், கடை. ‘பதினொன்றாம் வட்டம்’ என்றால் முகவரி முடிந்தது, தெருவுக்குச் சாதிப் பெயர் தேவையில்லை. தென்னார்க்காட்டின் எந்தக் கிராமத்திலும் ஊரும் காலனியும் பிரிந்தே இருந்த காலத்தில் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸில் பலதரப்பட்ட குடும்பங்களைக் குடிவைத்தது சாதாரணக் காரியமில்லை. சாதிக்குப் பதிலாகப் பதவித் தரம் வந்தது என்று குறை சொல்லலாம், வீட்டின் வகையைப் பார்த்தே ஆள் யாரென்று சொல்லிவிட முடியும். எனினும் அது மாறக்கூடிய தரம். தொழிலாளியின் மகன் பொறியாளராகிப் பெரிய வீட்டுக்குப் போனான்.

ஆனால் நகரியத்துக்கு ஒரு வெளிப்புறம் உண்டு. ஆர்ச் கேட்டுக்கு அந்தப் பக்கம் வடக்குத்து, இந்திரா நகர். சுரங்கத்தின் மறுபக்கம் மந்தாரக்குப்பம். நிரந்தரத் தொழிலாளி உள்ளே, ஒப்பந்தத் தொழிலாளி வெளியே என்பது எழுதப்படாத வரைபடம். நிலம் கொடுத்தவர்களில் பலருக்குக் கிடைத்ததும் ஒப்பந்த வேலைதான், அதை நிரந்தரமாக்கக் கேட்டு நடந்த போராட்டங்களுக்கு அளவில்லை. 2011 கணக்கெடுப்பில் நகரியத்தின் மக்கள்தொகை 1,05,731. பத்தாண்டுக்கு முன் இருந்ததைவிட அது குறைவு. ஓய்வு பெற்றவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், புதிதாக நிரந்தர ஆள் எடுப்பதோ குறைந்துகொண்டே வந்தது. திட்டமிட்ட ஊர் சுருங்க, திட்டமிடாத வெளிப்புறம் பெருகுகிறது. வடிகால் இல்லாத மனைப்பிரிவுகளில் முதலாவதாக வீடு கட்டியவர்கள் நகரியத்தில் முப்பது ஆண்டு வாழ்ந்துவிட்டு வந்தவர்களே.

இதே செம்மேட்டு வரிசையில் மூன்றாவது திட்டமிட்ட குடியேற்றமும் உண்டு. புதுச்சேரிக்கு வடக்கே 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கிய ஆரோவில். மழைநீர் அரித்து ஓடைப்பள்ளங்களாக வெடித்துக் கிடந்த மேட்டில் வரப்பு போட்டு, நீரைத் தேக்கி, மரம் வளர்த்தார்கள். வள்ளலாரின் பெருவெளி, நேரு காலத்து நகரியம், ஆரோவில்: தமிழகத்தின் மூன்று பெரிய கனவுகள் ஒரே பாறையின் மேல் அமர்ந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பழைய சமூகம் நெருக்கிப் பிடித்துக்கொள்ளாத நிலம் அதுதான். நீரைப் பொறுத்தவரை மூன்றும் மூன்று வழியில் போயின. வடலூர் நிலத்தை அப்படியே விட்டது. ஆரோவில் மண்ணுக்குள் நீரை இறக்கியது. நெய்வேலி இரவும் பகலும் வெளியே இறைக்கிறது.

இறைக்காமல் சுரங்கம் இல்லை. அடிநீரின் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் குழியின் தரை வெடித்துப் பொங்கிவிடும். ஆகவே சுரங்கத்தைச் சுற்றிக் குழாய்க் கிணறுகள் ஓய்வின்றி ஓடுகின்றன. அந்த நீரின் ஒரு பகுதி மின் நிலையத்துக்கும் நகரியத்துக்கும், ஒரு பகுதி வாலாஜா ஏரிக்கும் பரவனாற்றுக்கும் போகிறது. பள்ளத்து விவசாயிகள் சிலருக்கு இதனால் ஆண்டு முழுவதும் நீர் கிடைத்தது உண்மை, அதை மறைக்கக் கூடாது. ஆனால் முன்பு தானாகப் பொங்கிய துளைகள் நின்று, ஆழக் குழாயும் பெரிய மோட்டாரும் இல்லாமல் நீர் எடுக்க முடியாத நிலை வந்ததும் உண்மை. ஒருவருடைய கிணற்றிலிருந்து எடுத்து இன்னொருவருடைய வாய்க்காலில் விட்டால் மொத்தக் கணக்கு சரியாக வரும். கிணற்றுக்காரருக்குச் சரியாக வராது.

சென்னையும் இந்த மேட்டைப் பயன்படுத்துகிறது. 2004-இல் முடிந்த புதிய வீராணம் திட்டத்தில் பள்ளத்து ஏரி நீர் மேடேறி வடக்குத்துக்கு வந்து, அங்கே நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொள்திறனுள்ள நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டு, வடக்கே அனுப்பப்படுகிறது. சென்னைக்காரர் குழாயைத் திறக்கும்போது இந்தச் செம்மேடும் அதில் இருக்கிறது.

மழைக்காலத்தில் கதை தலைகீழாகும். 2015 நவம்பர் 9 அன்று நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மேட்டின் ஓடைகள் பெருகிப் பண்ருட்டி பக்கத்துப் பெரியகாட்டுப்பாளையத்தில் வீடுகளோடு உயிர்களையும் வாரிக்கொண்டு போயின. பரவனாற்றுக் கரையில் கல்குணம், பூதம்பாடி போன்ற குறிஞ்சிப்பாடி வட்டத்துப் பள்ளத்து ஊர்கள் நாள்கணக்கில் நீரில் நின்றன. சுரங்க நீரைத் திறந்துவிட்டதால் வந்த வெள்ளம் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள், இத்தனை மழைக்கு எதுவும் தாங்காது என்று மறுதரப்பு சொன்னது. என் பார்வையில் இன்னொன்றும் சேர வேண்டும். சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய மண் இன்று குன்றுகளாக எழுந்து நிற்கிறது. நூறு மீட்டருக்குள் அடங்கிய இயற்கைச் சரிவின்மேல் செயற்கை மலை. அதிலிருந்து இறங்கும் மழைநீர், பழைய கொல்லையைப் போல மண்ணுக்குள் போவதில்லை. வண்டலோடு நேராக ஆற்றுக்கும் ஏரிக்கும் வருகிறது. பெருமாள் ஏரியின் கொள்ளளவு தூரால் குறைந்தபடியே இருப்பதில் இதற்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

2023-இல் பூவுலகின் நண்பர்கள் அமைப்பு மந்தன் என்ற ஆய்வு மையத்தோடு சேர்ந்து நீர், மண் மாதிரிகளைச் சோதித்து, பாதரசம் உள்ளிட்ட மாசு பற்றிய அறிக்கை வெளியிட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தானே கையில் எடுத்தது. ஏழு பதிற்றாண்டுத் தொழிலின் உடல்நலக் கணக்கைத் தொழிலை நடத்துகிறவர்கள் முன்னமே வெளிப்படையாக வைத்திருக்க வேண்டும்.

இந்த ஆய்வின் முக்கியமான திருப்பத்துக்கு இப்போது வருவோம். 1950-களில் எடுக்கப்பட்டது பெரும்பாலும் மேட்டுக்கொல்லை. கொடுத்தவர்களும் நாட்டுக்கு மின்சாரம் என்ற பேச்சை நம்பினார்கள். இழப்பீடு சொற்பம், மறுகுடியமர்வு அரைகுறை. ஆனாலும் கொல்லையை இழந்தவர் பக்கத்திலேயே இன்னொரு கொல்லையை வாங்கிக்கொள்ள வாய்ப்பிருந்தது. நிலக்கரிப் படுகை தெற்கே சரிகிறது, சுரங்கமும் அதன் பின்னே தெற்கே நகர்ந்தது. இரண்டாம் சுரங்கம் இன்று நிற்பது சேத்தியாத்தோப்பை ஒட்டிய கரிவெட்டி, கத்தாழை, மும்முடிச்சோழகன், வளையமாதேவி பக்கத்தில். இவை கழனி ஊர்கள். சோழர் பெயரைத் தாங்கி நிற்கும் பாசன ஊர்கள். ஒன்று-ஏ சுரங்கத்தின் விரிவாக்கமோ வானதிராயபுரம், தென்குத்து என வடலூருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

2023 ஜூலை 26 அன்று பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட வளையமாதேவியில் கதிர் விட்டிருந்த நெற்பயிரின் மேல் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம், சட்டப்படி அது சரியாகவும் இருக்கலாம். இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் பாட்டாளி மக்கள் கட்சி நடத்திய முற்றுகை கலவரத்தில் முடிந்தது. உயர்நீதிமன்றம் பயிர் இழப்புக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. இரண்டு மாதம் பொறுத்திருந்தால் அறுவடை முடிந்திருக்கும் என்ற எளிய ஆதங்கம்தான் ஊரில் அதிகம் கேட்டது. கையகப்படுத்தலுக்குப் பயன்பட்டது தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுக்கும் 1997-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம். 2013-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்துக்குப் பிறகு அது செல்லாது என்று 2019-இல் உயர்நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு சட்டமன்றம் அதை மீட்டெடுத்தது, 2021-இல் உச்ச நீதிமன்றம் அந்த மீட்பை ஏற்றது.

ஜெர்மனியிலும் இதே வகை நிலக்கரி, இதே வகை இயந்திரம், இதே வகைச் சண்டை. ரைன் பகுதியில் பல கிராமங்கள் குழிக்குள் போயின. ஊரை முழுதாக, அண்டை வீட்டார் பிரியாமல், ஒரே இடத்தில் புதிதாகக் கட்டிக்கொடுக்கும் வழக்கம் அங்கே உருவானது. தோண்டிய மண்ணால் எழுந்த சோஃபியன்ஹோஹே குன்று இன்று காடு. அப்படியும் 2023 ஜனவரியில் லுட்ஸராத் என்ற சிற்றூரைக் காலி செய்ய ஆயிரக்கணக்கில் காவலர் வேண்டியிருந்தது. எனினும் ரைன் பகுதியில் 2030-க்குள் இந்தக் கரியை விட்டுவிடுவதாகத் தேதி குறித்துவிட்டார்கள். நெய்வேலிக்கு அப்படித் தேதி எதுவும் இல்லை. தேதி இல்லாத சுரங்கத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டுகிறவர் எதை நம்பிக் கட்டுவார்?

மேட்டில் எடுத்த கரியால் தமிழ்நாடு ஒளி பெற்றது, ஒரு தலைமுறை படித்தது. அதை இன்று உட்கார்ந்து பழிப்பதில் பொருளில்லை. ஆனால் மேட்டுக்கொல்லைக்குப் போட்ட கணக்கைக் கழனிக்கும் போடுவது தவறு. 2020-இல் தமிழ்நாடு இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோவில், கீரப்பாளையம், குமராட்சி, மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஆகிய ஐந்து ஒன்றியங்களை மட்டும் சேர்த்துக்கொண்டது. குறிஞ்சிப்பாடியும் கம்மாபுரமும் அதில் இல்லை. சட்டம் போட்ட அந்த எல்லைக் கோடு ஏற்கெனவே ஓடும் திட்டங்களைத் தொடாது, ஓடுகிற சுரங்கம் எதுவும் அதனால் மூடப்படாது. சட்டம் பட்டியலிட்ட வகைப் புதிய திட்டங்களை மட்டுமே அது தடுக்கும். 2023-இல் டெல்டாவின் நிலக்கரித் தொகுதிகள் ஏலப் பட்டியலில் வந்தபோது மாநிலம் ஒரே குரலில் எதிர்த்தது, சேத்தியாத்தோப்புக் கிழக்கு உள்ளிட்ட தொகுதிகள் கைவிடப்பட்டன. கோட்டுக்கு வெளியே இருக்கும் பாசன ஊர்களுக்கு அந்தக் குரல் கிடைக்கவில்லை.

குறிஞ்சிப்பாடி, கம்மாபுரம் ஒன்றியங்களின் பாசன கிராமங்களை அந்தச் சட்டத்தில் சேர்க்க வேண்டும். மேட்டில் மழைநீர் இறங்கும் பகுதிகளைத் தனியே அளந்து வரைபடமாக வெளியிட வேண்டும். முன்மாதிரி இல்லாத கோரிக்கை இல்லை இது: மயிலாடுதுறை மாவட்டத்தை 2023-இல் திருத்தம் கொண்டுவந்துதான் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள்.